லேமினேஷன் போட்ட மருந்துச்சீட்டு

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனை ஊர் டாக்டர் என்றும் கூப்பிடும், கொள்ளைக்காரன் என்றும் கூப்பிடும். மருந்துக்கடைக்காரன் என்று மட்டும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நின்று நின்று குதிகால் வெடித்து, "தலைவலிக்கு நல்லதா ரெண்டு குடுங்க" என்ற வாக்கியத்தை லட்சம் தடவை கேட்டுக் காது மரத்துப்போன என் சக தொழிலாளிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் நம்மைப் பற்றி இன்னும் கொஞ்சம் மோசமாக நினைப்பார்கள், அவ்வளவுதான்.

பேட்டையில், தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற ரோட்டில் என் கடை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மூன்று வருஷம், கடையையும் பார்த்துக்கொண்டு ஒரு விழிப்புணர்வுக் குழுவிலும் இருந்தேன். தூக்க மாத்திரை, வலி மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து ஒருநாள் அளவு தவறிச் சாகிறவர்களைக் காப்பாற்றக் கிளம்பிய குழு. அந்த மூன்று வருஷத்தில் மறக்கப் பார்த்தும் மறக்க முடியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

கிழியாத சீட்டு

நம் கடைக்கு வருகிறவர்கள் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. தீர்ந்துபோன அட்டையில் கத்திரித்த ஒரு துண்டை மடியிலிருந்து எடுத்து நீட்டி, "இதே மாதிரி நாலு" என்பார்கள். பெயர் அச்சடித்த பகுதி எப்போதும் வேறு துண்டில் போயிருக்கும். நிறத்தையும் பருமனையும் பார்த்து நாம் கண்டுபிடிக்க வேண்டும். என் கடையில் அதில் கெட்டிக்காரர் ஆவுடையப்பன். முன்பு ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். மாத்திரையை எண்ணிக் கால் தாளில் வைத்து, தூள் மருந்து மடிக்கிற பழைய மடிப்பாக மடித்து, ஒரு முனையை இன்னொன்றுக்குள் செருகிக் கொடுப்பார். தலைகீழாக ஆட்டினாலும் கொட்டாது. அந்த மடிப்பு எங்கள் வட்டாரத்தில் வேறு எந்தக் கடையிலும் கிடையாது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காஜா மைதீன் துண்டு அட்டையோடு வரவில்லை, முழுச் சீட்டோடு வந்தார். மேலப்பாளையத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். சவுதியில் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுத் திரும்பியவர். பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இருந்தார். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிய டாக்டர் சீட்டு ஒன்றை ரேஷன் கார்டுக்குப் போடுவதுபோல லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். பத்து நாளைக்கு என்று எழுதிய சீட்டு, தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது. மருந்துச்சீட்டுக்கு எதற்கு வே லேமினேஷன் என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவரும் சிரித்தார்.

"கிழிஞ்சிரக் கூடாதுல்லா அண்ணாச்சி. ஆயுசுக்கும் வேணும்லா."

பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத வேளையாகப் பார்த்து வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் வந்து நின்றார். காஜா மைதீனின் மனைவி ரஹ்மத். பீடி சுற்றுகிற கை. பேசும்போதும் விரல்கள் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. முந்தின வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போக அவரை எழுப்பினால் எழவில்லையாம். மூச்சு குறட்டைபோல இழுத்து இழுத்து வந்ததாம், உதடு நீலம் பாரித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதும், கூட வந்த காஜாவின் அண்ணன், ராத்திரி தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

ரஹ்மத் காலி அட்டைகளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டு மானத்தை ஆண்கள் கட்டிக்காக்கிற இடத்தில் நாம் எப்படி வாயைத் திறப்பது என்று கால் மணி நேரம் நின்றாராம். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் அட்டைகளை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டார். அதனால்தான் காஜா பிழைத்தார். இதைச் சொல்லிவிட்டு, மாத்திரை வாங்கியது என் கடையில்தான் என்பதையும் சத்தம் கூட்டாமல் சொன்னார். இனிமேல் அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று கல்லாவுக்கு மேலிருந்த சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் பண்ணினேன். படத்தை அவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நீங்க குடுக்காட்டா வேற கடை இருக்கு, அது எனக்கும் தெரியும் அண்ணாச்சி. ஒரு கடையாவது இல்லன்னு சொல்லட்டும், அதுக்குத்தான் வந்தேன்."

மறுநாளே நிறுத்துகிறேன்

அந்த வேகத்தில் மறு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேட்டை, டவுன், மேலப்பாளையம் என்று கண்ணில் பட்ட மருந்துக்கடையெல்லாம் ஏறி இறங்கினேன். டாக்டர் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கொடுப்பதை எல்லாரும் சேர்ந்து நிறுத்துவோம் என்பதுதான் என் கோரிக்கை. புதிதாக ஒன்றுமில்லை, அட்டையில் சிவப்புக் கோட்டோடு அச்சடித்தே இருக்கிறது. நாம் அதைப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். போன இடத்திலெல்லாம் மரியாதைக்குக் குறைவில்லை. ஏழு டீ குடித்தேன், இரண்டு கடையில் முறுக்கும் வந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் என் கடையில் நான் காஜா மைதீனுக்கு மட்டும்தான் நிறுத்தியிருந்தேன். மற்றவர்கள் துண்டு அட்டையை நீட்டினால் நாலு, ஆறு என்று கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாரும் நிறுத்தினால் நானும் நிறுத்தலாம் என்பது என் கணக்கு. டவுனில் கடை வைத்திருக்கும் என் பழைய சிநேகிதர் ஒருவர் என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, தோளில் கைபோட்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"நீரு முதல்ல நிறுத்தும் வே. நீரு நிறுத்துன மறுநாளே நான் நிறுத்துதேன்."

யார் போர்த்துவது

கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்தும் சிவசைலம் சார், ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு என் கடைக்கு வருகிறவர். அவருடைய மாணவன் ஒருவன் மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து, ஒருநாள் அளவு தவறி விடுதி அறையிலேயே போய்விட்டான். பத்திரிகையில் தீராத வயிற்றுவலி என்று வந்தது. அன்றிலிருந்து சார் பழைய சாராக இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போகாமல் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டே இருப்பார். ரஹ்மத் வந்துபோனதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர், எழும்போது ஒரு விழிப்புணர்வுக் குழுவை ஆரம்பித்துவிட்டுத்தான் எழுந்தார்.

முதல் கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. எட்டுப் பேர், ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். தொடக்க விழா நடத்த வேண்டும் என்று ஒருவர் சொன்னார். விழா என்றால் சிறப்பு விருந்தினர், விருந்தினர் என்றால் பொன்னாடை. அதை யார் போர்த்துவது என்பதில் இரண்டு பேருக்கு மனஸ்தாபம் வந்து, சமாதானம் பண்ண ஒன்றரை மணி நேரம் ஆனது. செத்துப்போன மாணவனின் பெயரை சார் ஒரே ஒரு தடவை சொன்னார், அப்போது ஜன்னலை யாரோ சாத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்குத் திரும்பி ஆவுடையப்பனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமல் மாத்திரை எண்ணிக்கொண்டே பதில் சொன்னார்.

"சாவு குறையுதோ இல்லியோ, பொன்னாடை விக்கிறவன் பொழச்சுக்கிடுவான்."

வாத்தியார் சொன்ன மாத்திரை

நோட்டீஸ் அடித்தோம். ரோஸ் தாளில், ஒரு பக்கம் மட்டும். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு இழுத்து வந்தால், உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், என்ன விழுங்கினார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள் என்று எழுதினேன். அந்த இரண்டு வரியும் ரஹ்மத்திடமிருந்து நான் எடுத்தவை. சார் அதற்குக் கீழே, சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாத மாத்திரைகள் என்று ஐந்து பெயரைச் சேர்த்தார். பெயர் தெரிந்தால்தானே ஜனங்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கு அறிவிப்பு செய்கிறவரையே பிடித்துப் பேசவைத்தோம். மனிதருக்குச் சாவைச் சொன்னாலும் தள்ளுபடிக் குரல்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து, பட்டறை வேலைக்காரர் ஒருவர் அந்த ரோஸ் நோட்டீஸைப் பத்திரமாக மடித்து எடுத்து வந்தார். ஐந்து பெயரில் மூன்றாவதை விரலால் தொட்டுக் காட்டி, இதில் பத்து வேண்டும் என்றார். அண்ணாச்சி, இது சாப்பிடக் கூடாது என்று சொல்கிற நோட்டீஸ் என்று நான் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் சரக்கை மறைக்கிறேன் என்கிற சந்தேகம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"காலேஜ் வாத்தியாரே பேரெழுதி அச்சடிச்சுக் குடுத்திருக்காரு, மோசமான மாத்திரையாவா இருக்கும்?"

நாற்காலி நான் தருகிறேன்

தொடக்க விழாவில் யாராவது ஒரு தகப்பனோ தாயோ எழுந்து பேசினால், நாங்கள் நூறு நோட்டீஸ் கொடுப்பதைவிட உறைக்கும் என்று சார் நினைத்தார். டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு வீடு. அந்த வீட்டுப் பையனும் சாரின் மாணவனைப் போலவே போனவன், இருபத்திரண்டு வயது. அப்பா ஓய்வுபெற்ற அதிகாரி. நெற்றி நிறைய திருநீறு, மடிப்புக் கலையாத வேட்டி. சாரும் நானும் போய் உட்கார்ந்தோம். பையனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. எம்மவனுக்கு மாரடைப்பு என்றார். சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாரடைப்பு என்று இன்னொரு தடவை சொன்னார். கதவுக்குப் பின்னால் அந்த அம்மாவின் வளையல் சத்தம் ஒரு தடவை கேட்டு நின்றது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இப்படி ஆளாளுக்கு மூடி மறைத்தால் அடுத்த வீட்டுக்காரன் எப்படித் தப்புவான் என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினேன். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒம்ம கூட்டத்துக்கு நாற்காலி, பந்தல் எல்லாம் நான் போட்டுத் தாரேன் வே. எம்மவன் பேர மட்டும் அங்கன சொல்லிராதீரும்."

மேஜை டிராயர்

காஜா மைதீன் என்மேல் இரண்டு மாதம் கோபமாக இருந்தார். கடைக்கு எதிரே நின்று பஸ் ஏறுவார், இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். மூன்றாவது மாதம் ஒருநாள் காலையில் வந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. ஒரு டாக்டர் படிப்படியாக மாத்திரையைக் குறைத்துக் கொடுக்கிறாராம். முதுகு வலிக்கத்தான் செய்கிறதாம். ராத்திரி தூக்கம் வராதபோது ரஹ்மத்தோடு சேர்ந்து பீடி சுற்றுகிறாராம், கட்டு ஒழுங்காக வரவில்லை என்று திட்டு வாங்குகிறாராம். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

சட்டைப் பையிலிருந்து அந்த லேமினேஷன் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். கிழித்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தால் கிழியவில்லையாம். நான் அதை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. இருபது வருஷமாக மருந்து விற்றதில், விற்காமல் இருந்து ஒருத்தரைப் பிழைக்கவைத்தது அதுதான் முதல் தடவை. தொடக்க விழாவில் நீங்கள் பேசுகிறீர்களா என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

"பேசுதேன் அண்ணாச்சி. எங்க அண்ணன் என்ன சொன்னாலும் சரி, பரோட்டா இல்லன்னு நானே சொல்லுதேன்."

அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்

விழா ஒரு சனிக்கிழமை மாலை. டவுன் அதிகாரி சொன்னபடியே நாற்காலிகள் வந்துவிட்டன, அவர் வரவில்லை. காஜா மைதீன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் இரண்டு பக்கம் எழுதிய தாளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரஹ்மத் பெண்கள் பக்கம். சிறப்பு விருந்தினர் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். வரவேற்புரை, முன்னிலை, பொன்னாடை, பதில் பொன்னாடை. விருந்தினர் மது ஒழிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மாத்திரை என்ற வார்த்தை அவர் பேச்சில் வரவே இல்லை. அவருக்கு வேறு விழா இருந்ததால் அவரோடு சேர்ந்து பாதிக் கூட்டம் எழுந்தது. மைக் செட்டுக்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். சார் மேடையிலிருந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

நான்தான் கடைசி வரிசைக்குப் போய், அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக உங்களைப் பேச வைக்கிறோம் என்று சொன்னேன். நான் அன்றைக்கு அந்த வயரைப் பிடித்து இழுத்து, இருக்கிற பத்துப் பேருக்காவது அவரைப் பேச வைத்திருக்கலாம். அதைச் செய்யாததற்கு இன்றுவரை என்னிடம் ஒரு காரணமும் இல்லை. கூட்டம் கலைகிற நேரத்தில் சங்கடம் வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பரவால்ல அண்ணாச்சி. மூணு வாரமா ஒத்திகை பார்த்தேன். எம்பொண்டாட்டி ஒருத்தியாவது முழுசாக் கேட்டுட்டா."

ரோஸ் தாள்

அடுத்த கூட்டம் நடக்கவே இல்லை. தலைவர் பதவிக்காக இரண்டு பேர் முறைத்துக்கொண்டார்கள், சாருக்கு ரத்தக்கொதிப்பு கூடியது, குழு பேருக்கு மட்டும் இரண்டு வருஷம் இருந்து அப்படியே படுத்துவிட்டது. மிச்ச நோட்டீஸ் கட்டுக்கட்டாக என் கடை அலமாரிக்கு மேல் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, மாத்திரை மடிக்கிற வெள்ளைத்தாள் தீர்ந்துபோனது. ஆவுடையப்பன் ஒரு கட்டை இறக்கித் தூசி தட்டினார். நல்ல கனமான தாள், பின்பக்கம் வெறுமை. நாலாகக் கத்திரித்தால் மடிப்புக்குச் சரியாக இருந்தது. செய்யலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கத்திரியை வைத்தார். செய்யுங்கள் என்று நான்தான் சொன்னேன். நம் தொழிலில் ஒரு பக்கம் அச்சடித்த தாளை வீணாக்குகிறவன் யார்?

அந்த மாதங்களில் சாயங்கால வேளையில், பட்டறை விடுகிற கூட்டத்தில், துண்டு அட்டையை நீட்டி நாலு, ஆறு என்று தூக்க மாத்திரை கேட்கிறவர்கள் கொஞ்சம் கூடியிருந்தார்கள். எல்லாம் வேறு வேறு முகம். ஒருவர் மாமனாருக்கு என்றார், ஒருவர் அம்மாவுக்கு என்றார். டிராயரில் சீட்டு பத்திரமாக இருக்கிறது, காஜா மைதீன் கடைப்பக்கம் வரவில்லை, நான் கொடுத்த சத்தியம் மீறப்படவில்லை. ஆவுடையப்பன் ஒருநாள் மட்டும் மடித்துக்கொண்டே ஒன்று சொன்னார். நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, பேட்டையில ஒருத்தருக்கும் தூக்கம் வரமாட்டேங்குது?"

ஒன்பது துண்டு

காஜா மைதீன் மவுத்தாகிவிட்டார் என்று பட்டறைக்காரர் வந்து சொன்னபோது அடக்கம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. ரஹ்மத் ஒரு கல்யாணத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாராம். வீட்டில் அண்ணன் மட்டும். அண்ணன் அவரை நெஞ்சுவலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். எடுத்துக் காட்ட அட்டையும் இல்லை, அதை டாக்டர் மேஜையில் வைக்கிற கையும் அங்கே இல்லை.

சில மாதம் கழித்து, புருஷனை இழந்தவள் வெளியே வராமல் துக்கம் காக்கிற இத்தா முடிந்த பிறகு, அதே மத்தியான வேளையில் ரஹ்மத் வந்தார். துப்பட்டிக்குள்ளிருந்து சில ரோஸ் தாள்களை எடுத்துக் கவுண்டரில் ஒவ்வொன்றாக வைத்தார். காஜாவின் சட்டைப் பைகளில் இருந்தவையாம். பட்டறையில் கூட வேலை செய்கிறவர்களைவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தரை அனுப்பி வாங்கிச் சேர்த்திருக்கிறார். ஒன்பது துண்டு. சேர்த்து வைத்தால் இரண்டு முழு நோட்டீஸும் ஒரு மூலையும். எல்லாவற்றிலும் ஆவுடையப்பன் மடித்த தடம் அப்படியே இருந்தது. ஒரு துண்டில் "டாக்டரிடம் மறைக்காதீர்கள்" என்ற வரி இருந்தது, ரஹ்மத்திடமிருந்து நான் எடுத்த வரி. அண்ணன் அந்தத் தாள்களைப் பார்த்தும், ஏதோ கூட்டத்து நோட்டீஸ் என்று விட்டுவிட்டாராம். தாளில் மடிக்காமல் அட்டையாகவே விற்றிருந்தால்கூட யாராவது ஒருத்தர் கண்ணில் பட்டிருக்கும். ஆவுடையப்பன் கத்திரியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். ரஹ்மத் திட்டுவார், மண்ணை வாரி இறைப்பார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் தன்னைத்தான் குறைசொல்லிக்கொண்டார்.

"அவங்களுக்குக் குடுக்காதீயன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டேன் அண்ணாச்சி. ஆருக்கும் குடுக்காதீயன்னு சொல்ல எனக்குத் தெரியாமப் போச்சே."

பிள்ளைகளுக்காக

போகும்போது ரஹ்மத் வாசற்படியில் நின்று ஒன்று கேட்டார். மூத்த மகள் பூப்பெய்திவிட்டாள், நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச வேண்டும். அவள் வாப்பாவுக்கு நெஞ்சுவலி என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்றார். ஆஸ்பத்திரியில் வாய் பேசாமல் அட்டையை எடுத்து வைத்த அதே பெண். நான் தலையை ஆட்டினேன். டவுன் வீட்டு அதிகாரியை அன்றைக்கு மனசுக்குள் திட்டினேனே, அது ஞாபகம் வந்தது. ஒன்பது துண்டையும் டிராயரில் அந்தச் சீட்டோடு சேர்த்து வைத்தேன். தூக்க மாத்திரை விற்பதை அன்றோடு அடியோடு நிறுத்தினேன். டவுன் சிநேகிதருக்கு ஆள்விட்டுச் சொல்லியும் அனுப்பினேன். அவர் இன்னும் நிறுத்தவில்லை.

ஒரு வாரம் கழித்து சிவசைலம் சார் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வந்தார். ரொம்பத் தளர்ந்திருந்தார். விழாவன்று கடைசி வரிசையில் தாளோடு உட்கார்ந்திருந்தாரே ஒருத்தர், மேலப்பாளையத்துக்காரர், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இறந்துபோனார் சார் என்றேன். எப்படி என்று என் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மாரடைப்பு சார் என்றேன். ஆவுடையப்பன் மடித்து வைத்திருந்த மாத்திரையை சார் கையில் எடுத்து, வெள்ளைத்தாளாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு மைக்க அவரு கையில குடுத்திருக்கலாம் வே."

மூன்று வருஷம் விழிப்புணர்வு வேலை பார்த்ததில் நான் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டது, திருநெல்வேலிச் சீமையில் மாத்திரையால் இதுவரை ஒருத்தர்கூடச் சாகவில்லை, எல்லாருக்கும் மாரடைப்புதான்.